முதல் உலகப் போரின் காரணங்கள்: பட்டியலாகவா, கேள்வியாகவா?

கரும்பலகை:

இந்த இழையில் இருக்கும் ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பில் வரலாறு முதல் உலகப் போரில்தான் தொடங்குகிறது. கோடை விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் சில நாட்களிலேயே காரணங்களை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுகிறார்கள்: கூட்டணிகள், தீவிர தேசியவாதம், குடியேற்றப் போட்டி, ஆயுதக் குவிப்பு, உடனடிக் காரணமாகச் சரயேவோ கொலை, அதாவது ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டைப் போஸ்னிய செர்பிய இளைஞன் ஒருவன் சுட்டுக் கொன்றது. விடைத்தாளுக்கு இது போதும். ஆனால், "இத்தாலியும் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரியோடு மூவர் கூட்டணியில் இருந்ததே, 1914 ஆகஸ்டில் அது ஏன் நடுநிலை வகித்தது? பிரான்சுக்காகப் போரிட்டே ஆகவேண்டும் என்று பிரிட்டனைக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இல்லையே, அது ஏன் வந்தது?" என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் முதல் காரணத்தையே மறுபடி ஒப்பிக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட நாடு ஒதுங்கிக்கொண்டது, போடாத நாடு களத்தில் இறங்கியது என்றால், கூட்டணிகளைக் காரணம் என்று சொல்வதற்கு என்ன பொருள் என்று அவர்கள் யோசிப்பதில்லை. யோசிக்கும்படி நாம் கேட்பதும் இல்லை.

இந்தப் பாடத்துக்கு எனக்குக் கிடைப்பவை ஏழெட்டுப் பாடவேளைகள்தான். அதற்குள், காரணங்களைப் பிள்ளைகளே எடைபோட்டுப் பார்க்கும்படி நடத்த வழி உண்டா? வகுப்பில் நடத்திப் பார்த்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

திருப்புதல்:

கேள்வி நியாயமானது, ஐயா. ஆனால் நம்மில் பலருக்கு உள்ள நெருக்கடியையும் சேர்த்துப் பேசவேண்டும். நான் இருப்பது தனியார் பள்ளியில். டிசம்பருக்குள் பாடங்களை முடித்து, ஜனவரியில் திருப்புதல் தேர்வுகளைத் தொடங்கியாக வேண்டும். புத்தகப் பின்பக்க வினாக்கள், காலக்கோடு, வரைபடம் ஆகியவற்றை வைத்துத்தான் மெல்லக் கற்கும் மாணவர்களைக் கரையேற்றுகிறோம். முதல் பாடத்திலேயே "இது காரணமா, இல்லையா?" என்று விவாதத்தைத் திறந்துவிட்டால், அவர்கள் தேர்வறையில் எதை எழுதுவது என்று குழம்பிப் போவார்கள். இதற்கு விடை சொல்லாத எந்த முறையும் எங்கள் வகுப்புக்குள் வராது.

மேற்குமலை:

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் என்பதால் நேர நெருக்கடியைப் பற்றி அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை. பாடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஐரோப்பா ஒரு வைக்கோற்போராக இருந்தது, சரயேவோ அதில் விழுந்த தீக்குச்சி என்றுதான் காலங்காலமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிந்துவிடுகிறது, தொல்லையும் அங்கேதான். வைக்கோல் முடிவெடுப்பதில்லை, 1914 ஜூலையில் ஒவ்வொரு தலைநகரிலும் சில மனிதர்கள் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். தவிரவும், அதற்கு முன் விழுந்த தீக்குச்சிகள் எத்தனையோ அணைந்து போயின. 1905-இலும் 1911-இலும் மொராக்கோவை முன்னிட்டு ஜெர்மனியும் பிரான்சும் போரின் விளிம்புவரை வந்து திரும்பின. 1908-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி போஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது ரஷ்யா கொதித்தது. 1909 மார்ச்சில் ஜெர்மனி மிரட்டியதும் பின்வாங்கியது. 1912-13-இல் பால்கன் பகுதியில் இரண்டு போர்களே நடந்தன, பெரிய நாடுகள் இறங்கவில்லை. பட்டியலில் உள்ள அத்தனை காரணங்களும் அப்போதும் இருந்தன.

ஆகவே "போர் ஏன் மூண்டது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "1911-இல் மூளாத போர் 1914-இல் ஏன் மூண்டது?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் அப்படியே இருக்கும். ஆனால் இப்போது மாணவர் அதை வைத்து ஏதாவது செய்தாக வேண்டும். ரஷ்யா இன்னொரு முறை தலைகுனியத் தயாராக இல்லை என்று யாராவது ஒருவர் சொல்வார். பால்கன் போர்களுக்குப் பின் செர்பியா ஏறக்குறைய இருமடங்காகிவிட்டதால் வியன்னாவில் இருந்த ஆஸ்திரிய அரசு பயந்தது என்று இன்னொருவர் சொல்வார். அங்கிருந்து பாடம் தானே நகரும்.

நிலவரை:

பயிற்சி ஆசிரியர்களோடு சேர்ந்து நாங்கள் நடத்தும் ஒரு முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதன் பலன் முழுவதும் சில்லறை விவரங்களில்தான் இருக்கிறது.

வகுப்பை ஆறு குழுக்களாகப் பிரிக்கிறோம்: வியன்னா (ஆஸ்திரியா-ஹங்கேரி), பெல்கிரேடு (செர்பியா), பெர்லின், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் (ரஷ்யா), பாரிஸ், லண்டன். ஜூலை 6, ஜூலை 24, ஜூலை 28, ஜூலை 31 என நான்கு தேதிகளுக்கு நான்கு தபால் உறைகள். அந்தத் தேதியில் அந்தத் தலைநகரில் இருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருந்ததோ, அது மட்டுமே உறைக்குள் இருக்கும். முதல் உறையில் வியன்னாவுக்கு ஜெர்மனியின் நிபந்தனையற்ற ஆதரவு கிடைக்கிறது. லண்டன் உறையைப் பிரித்தால் அயர்லாந்து தன்னாட்சிச் சிக்கல். இரண்டாவது உறையில் பாரிஸ் குழுவுக்குக் கிடைப்பது, முன்னாள் அமைச்சர் ஒருவரின் மனைவி பத்திரிகை ஆசிரியரைச் சுட்டுக் கொன்ற வழக்கின் விசாரணைச் செய்தி; அந்த வாரத்துப் பிரெஞ்சுப் பத்திரிகைகளை நிறைத்தது அதுதான். உலகப் போர் வருகிறது என்று தெரிந்துகொண்டே பாடத்தைத் தொடங்கும் மாணவர்களுக்கு இந்த உறைகள் பெரிய அதிர்ச்சி.

கொலை நடந்தது ஜூன் 28-இல். ஆஸ்திரியா உடனே ஏன் தாக்கவில்லை என்று ஏதாவது ஒரு குழு கட்டாயம் கேட்கும். ஹங்கேரியின் பிரதமர் டீசா ஜூலை நடுப்பகுதி வரை சம்மதிக்கவில்லை என்பது ஒரு காரணம். அறுவடைக்காகப் படைவீரர்களில் பெரும்பகுதியினர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள் என்பது இன்னொன்று. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டாவதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்து, ஜூலை 23 மாலை ஆறு மணிக்குச் செர்பியாவிடம் 48 மணி நேரக் கெடுவோடு இறுதி எச்சரிக்கை தரப்படுகிறது. அதை ஐந்து மணிக்குத் தருவதாகத்தான் இருந்தது. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் புவான்காரே அன்று ரஷ்யப் பயணத்தை முடித்துக்கொண்டு கப்பலேறுகிறார். அவர் கரையை விட்டு நீங்கும்வரை பொறுத்திருக்கவே ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டார்கள். அதனால் ஜூலை 24 தேதியிட்ட பாரிஸ் உறையில், வழக்குச் செய்தியோடு, "தலைவரும் பிரதமரும் கடலில் இருக்கிறார்கள்" என்ற ஒரே வரியை மட்டும் வைக்கிறோம். அவர்கள் பாரிஸ் வந்து சேர்ந்தது ஜூலை 29-இல். அந்தக் குழுவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கோபமே வந்துவிடும்.

ஜூலை 25 மாலை கெடு முடியும் தறுவாயில் செர்பியா தந்த பதில் பெரும்பாலான நிபந்தனைகளுக்கு இணங்கிப் போனது; தன் மண்ணில் நடக்கும் குற்ற விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கெடுப்பதை மட்டும் தெளிவாக மறுத்தது. ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம் அந்தப் பதிலை ஜூலை 28 காலையில் படித்துவிட்டு, போருக்கான காரணம் எதுவும் இனி இல்லை என்று ஓரக்குறிப்பு எழுதினார். அன்றைக்கே ஆஸ்திரியா தந்தி மூலம் போர் அறிவித்துவிட்டது. பெர்லின் உறையில் அவருடைய குறிப்பும் இருக்கும், வியன்னா உறையில் தந்தியும் இருக்கும். இரண்டையும் உரக்கப் படித்த பிறகு "ஜெர்மனிப் பேரரசரின் ஆக்கிரமிப்பு மனப்பான்மை" என்ற காரணத்தை மாணவர்கள் நீக்குகிறார்களா, வைத்துக்கொள்கிறார்களா, திருத்தி எழுதுகிறார்களா என்று கேளுங்கள். ஜூலை முதல் வாரத்தில் ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவைக் கொடுத்ததும் இதே பேரரசர்தான் என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லும். அந்த வாக்குவாதத்துக்குள் ஆசிரியர் தலையிடாமல் இருப்பது நல்லது.

கரும்பலகை:

மிக்க நன்றி. என் வகுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். பெஞ்சுகளை நகர்த்த இடமில்லை. உறைகளில் உள்ள வாசகங்கள் எந்த அளவுக்கு நீளமாக இருக்கவேண்டும்? எங்கள் பிள்ளைகளில் சிலருக்குப் பாடநூலின் பத்திகளையே தடையின்றி வாசிக்க வராது.

நிலவரை:

நான்கு வரிக்கு மேல் போகக்கூடாது, எளிய தமிழில் நீங்களே சுருக்கி எழுதியதாக இருக்கவேண்டும். எழுத்து பெரியதாக இருக்கட்டும். பெஞ்சை நகர்த்தவேண்டியதில்லை, முன் பெஞ்சும் பின் பெஞ்சும் திரும்பி உட்கார்ந்தால் ஒரு தலைநகரம். குழுவில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். நடிக்கச் சொல்லாதீர்கள். மீசை வரைந்து பேரரசர் வேடம் போட்டால் பாடவேளை அத்தோடு போயிற்று.

யாழ்வாசகி:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சாதாரண தரப் பொதுத்தேர்வுப் பாடத்திட்டத்திலும் உலகப் போர்கள் இருப்பதால் இந்த உரையாடலை ஆர்வத்தோடு வாசித்தேன். இருந்தாலும் நிலவரை அவர்களின் முறையில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு.

முதலாவது, பிள்ளைகள் எல்லோரும் அமைச்சர்களாகவும் தூதர்களாகவும் இருந்து யோசிக்கிறார்கள். அறுவடை விடுப்பில் ஊருக்குப் போன அந்த ஆஸ்திரிய விவசாயிக்கு உறை கிடையாது. போரை நேரில் கண்ட குடும்பங்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் எங்கள் வகுப்பறைகளில், போரைத் தலைநகரங்களுக்கு இடையிலான காய் நகர்த்தலாக மட்டும் காட்டிவிட்டு வெளியேற ஓர் ஆசிரியரால் முடியாது. காய் நகர்த்தலோடு நிறுத்தாமல், ஆணை வந்தபோது ஒரு வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதற்கும் இடம் வேண்டும்.

இரண்டாவது, ஆறு தலைநகரங்களும் ஐரோப்பாவில்தான் இருக்கின்றன. இப்படி நடத்தினால் இது எப்படி உலகப் போர் ஆகும்? பிரிட்டன் போர் அறிவித்த சில நாட்களிலேயே மேற்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மனியின் வசம் இருந்த டோகோலாந்துக்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் நுழைந்தன. ஆகஸ்ட் 26-இல் அது சரணடைந்தது. அவ்வளவு சிறிய நிலப்பரப்பில் என்ன அவசரம் என்று பிள்ளைகளிடம் கேட்டால் தங்கம், வைரம் என்றெல்லாம் ஊகிப்பார்கள். கமினா என்ற இடத்தில் ஜெர்மனி கட்டியிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையம்தான் காரணம். அட்லாண்டிக்கில் திரிந்த ஜெர்மன் கப்பல்களுக்குச் செய்தி அதன் வழியாகப் போகும் என்று பிரிட்டன் அஞ்சியது. குடியேற்ற நாடு என்றால் கொள்ளையடிக்கும் இடம் என்று மட்டுமே படித்த பிள்ளைக்கு, அது ஒரு பேரரசின் காதும் வாயுமாக இருந்தது என்பது புதிய செய்தி.

பினாங்கு வாசகர்:

நான் ஆசிரியர் இல்லை, பள்ளிப் பிள்ளைகளின் தந்தை. யாழ்வாசகி அவர்கள் சொன்னதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1914 அக்டோபர் 28 அதிகாலையில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், நான்காவது புகைபோக்கி ஒன்றைப் போலியாக மாட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல்போலப் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அங்கே நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தது. வெளியேறும்போது மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. இறந்த ரஷ்ய மாலுமிகளின் கல்லறை இன்னும் பினாங்கில் இருக்கிறது. மலாய்த் தீபகற்பத்தின் ஓரத்தில், பிரிட்டிஷ் துறைமுகத்தில், ஜெர்மன் கப்பல் வந்து ரஷ்யக் கப்பலையும் பிரெஞ்சுக் கப்பலையும் அழிக்கிறது. இந்த நான்கு நாடுகளுக்கும் இங்கே என்ன வேலை என்று என் மகள் கேட்டாள். அவளுடைய பாடநூலின் "ஏகாதிபத்தியம்" என்ற தலைப்புக்குக் கீழே இருந்த இரண்டு பக்கங்களை அதன் பிறகுதான் விருப்பத்தோடு படித்தாள்.

திருப்புதல்:

எம்டன் என்றதும் ஓர் எச்சரிக்கை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்க் கிடங்குகள் எரிந்த கதையைச் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாடவேளை முடியும்போது உயர் நீதிமன்றச் சுவரில் உள்ள கல்வெட்டு, கப்பல் தலைவர் முல்லரின் சாகசம், நகரை விட்டு ஓடிய மக்கள் என்று கதை மட்டுமே மிஞ்சுகிறது. போர் ஏன் வந்தது என்பது காணாமல் போய்விடுகிறது. உள்ளூர்ச் செய்தி கிடைத்த மகிழ்ச்சியில் உலக வரலாற்றைக் கைவிடும் பழக்கம் நம்மிடம் நிறையவே உண்டு.

மேற்குமலை:

திருப்புதல் சொல்வது சரி. கதையைச் சொல்லிவிட்டுக் கப்பலின் வழித்தடத்தை வரைபடத்தில் போட வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். சீனக் கடற்கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ் தளத்தில் தொடங்கி, வங்காள விரிகுடா, சென்னை, பினாங்கு, கடைசியாக நவம்பர் 9-இல் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அது வீழ்ந்த கோகோஸ் தீவுகள். அந்தக் கப்பலுக்கு நிலக்கரி எங்கிருந்து கிடைத்தது என்று கேளுங்கள். கொள்ளையிட்ட வணிகக் கப்பல்களிலிருந்துதான் பெரும்பாலும் கிடைத்தது. எண்ணெய், நிலக்கரி, தந்திக் கம்பி, வணிகப் பாதை எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. பத்து நிமிட வேலை.

நிலவரை:

யாழ்வாசகி அவர்களின் முதல் தயக்கத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை. கடைசி உறைக்குப் பிறகு பாடத்தை ஆகஸ்ட் 4-உடன், அதாவது ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்து பிரிட்டன் போர் அறிவித்த நாளோடு, நிறுத்திவிடுகிறோம். போரை யாரும் விளையாடுவதில்லை. அடுத்த பாடவேளையில் படைவீரர்களின் கடிதங்களுக்குப் போய்விடுகிறோம்.

இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் போருக்காகக் கடல் கடந்தார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. பிரான்சில் இருந்த இந்தியப் படைவீரர்களின் அஞ்சல்களைத் தணிக்கை செய்ய ஓர் அலுவலகம் இருந்தது. அது எடுத்து வைத்த பகுதிகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1915-ஆம் ஆண்டுக் கடிதங்கள் சிலவற்றில் "கறுப்பு மிளகு", "சிவப்பு மிளகு" என்ற பேச்சு வருகிறது. கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது, இப்போது சிவப்பு மிளகைப் பயன்படுத்துகிறார்கள் என்கிற மாதிரி. இதை எந்த விளக்கமும் தராமல் கரும்பலகையில் எழுதிப்போட்டு, போர்க்களத்திலிருந்து ஒருவன் மளிகைச் சாமானைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று கேட்டால், இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். கறுப்பு என்றால் இந்தியப் படைவீரர்கள், சிவப்பு என்றால் வெள்ளைக்காரர்கள். தணிக்கை அதிகாரியின் கண்ணில் மண்ணைத் தூவச் செய்த ஏற்பாடு.

பிள்ளை அதைக் கண்டுபிடித்ததோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த கேள்விதான். அதிகாரிக்கு அந்தச் சங்கேதம் புரிந்திருக்கிறது, அதனால்தான் எடுத்து எழுதி வைத்திருக்கிறார். அப்படியென்றால் நமக்குக் கிடைத்திருப்பவை அதிகாரிகளின் கவனத்தை ஈர்த்த கடிதங்கள் மட்டும்தானா? எழுத்தறியாத வீரன் சொல்ல, ஒருவர் எழுத, இன்னொருவர் ஆங்கிலத்தில் பெயர்க்க, நாம் அதைத் தமிழில் படிக்கிறோம். இவ்வளவு கைகள் மாறி வந்த ஒன்றை எந்த அளவுக்கு நம்பலாம்? பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இது கடினம் என்று சிலர் சொல்வார்கள். கைப்பேசியில் வரும் முன்னனுப்பிய செய்திகளை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு இது நன்றாகவே பிடிபடுகிறது.

யாழ்வாசகி:

கடிதங்களை ஏற்றுக்கொள்கிறேன். அவற்றை உறைகளுக்குப் பிறகு வைக்காமல் முன்னால் வைத்தால் என்ன? முதலில் மனிதனைச் சந்தித்துவிட்டு, அவனை அங்கே அனுப்பியது யார் என்று தேடிப் போகலாமே. வரிசையை மாற்றினாலே என் தயக்கத்தில் பாதி தீர்ந்துவிடும்.

நிலவரை:

செய்து பார்க்க வேண்டிய யோசனை. காலவரிசையில் மாணவர்கள் தடுமாறக்கூடும். கடிதத்தின் தேதியைக் கரும்பலகையின் ஒரு மூலையில் எழுதி வைத்துவிட்டால் சமாளிக்கலாம்.

மேற்குமலை:

இன்னொன்று: எல்லாம் முடிந்தபின் "அப்படியானால் யார்தான் குற்றவாளி?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 231-ஆவது பிரிவு ஜெர்மனியையும் அதன் நட்பு நாடுகளையும் பொறுப்பாக்கியது. பிற்பாடு, பொறுப்பை எல்லா நாடுகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும் போக்கு வலுத்தது. 1961-இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியர், பெரும்பொறுப்பு தம் நாட்டுத் தலைமைக்கே என்று எழுதியதும் அந்த நாட்டிலேயே பெரும் சர்ச்சை வெடித்தது. அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். அதற்காக, "எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு" என்று மழுப்பி முடிக்க விடாதீர்கள். எந்த நாளில், யார், வேறு என்ன செய்திருக்கலாம் என்று ஒரு முடிவையாவது சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். ஜூலை 30 அன்று ரஷ்யப் பேரரசர் பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டதைச் சிலர் காட்டுவார்கள். முந்தைய நாள் இதே ஆணையை அவர் நிறுத்தி வைத்திருந்தார் என்பதை அப்போது எடுத்துக் கொடுங்கள்.

திருப்புதல்:

இந்த இழையை மூன்று நாட்கள் படித்த பின் என் முதல் கேள்விக்கு நானே ஒரு வழி யோசித்திருக்கிறேன். பட்டியலை விடவேண்டாம். ஒவ்வொரு காரணத்துக்கும் கீழே "இது எப்படிப் போருக்கு இட்டுச் சென்றது?" என்று ஒரு வரியும், "இது மட்டும் போதாது, ஏனென்றால்" என்று இன்னொரு வரியும் எழுத வைக்கலாம். கூட்டணிகள் என்ற தலைப்புக்கு ஒரு மாதிரி: "ஜெர்மனி துணை நிற்கும் என்ற உறுதி ஆஸ்திரியாவைத் துணிய வைத்தது. ஆனால் ஆஸ்திரியாவே தாக்குதலைத் தொடங்கியதாகவும் தன்னைக் கலந்து பேசவில்லை என்றும் சொல்லி இத்தாலி விலகி நின்றது. 1915 மே மாதம் எதிரணியில் சேர்ந்தது." தலைப்பு அப்படியே இருப்பதால் தேர்வில் மதிப்பெண் குறையாது. மெல்லக் கற்கும் மாணவர் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்; முடிந்தவர் இரண்டாவதையும் எழுதட்டும். திருத்தும் ஆசிரியர் இரண்டாவது வரிக்குத் தனி மதிப்பெண் தருவாரா என்றால், தரமாட்டார். எழுதியதற்காகக் குறைக்கவும் மாட்டார்.

கரும்பலகை:

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் வழி சொல்லியிருக்க முடியாது. கடிதத்துக்கு ஒரு பாடவேளை, உறைகளுக்கு இரண்டு, கப்பல் பாதையும் டோகோலாந்தும் சேர்த்து ஒன்று, திருப்புதல் சொன்ன இரண்டு வரி எழுத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். பதுங்குகுழிப் போர், ரஷ்யப் புரட்சி, வெர்சேல்ஸ் ஆகியவற்றைப் பாடநூலில் உள்ளபடியே மீதிப் பாடவேளைகளில் முடிக்கவேண்டியதுதான். எல்லாவற்றையும் ஆழமாக நடத்த முடியாது. உறைகளின் வாசகங்களை எழுதி முடித்ததும் இங்கே பதிகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். வரைபடத்துக்கு என்ன செய்வது? சுவரில் தொங்குவது இன்றைய ஐரோப்பா.

மேற்குமலை:

1914 எல்லைகளோடு ஒரு கோட்டு வரைபடத்தை ஏ4 தாளில் நகலெடுத்து, இரண்டு பேருக்கு ஒன்றாகக் கொடுங்கள். இணையத்தில் கிடைப்பவற்றில் பாதி போருக்குப் பிந்தையவை. போலந்தோ செக்கோஸ்லோவாக்கியாவோ தனி நாடாக அதில் இருந்தால் அது 1914 வரைபடம் இல்லை. நகலெடுக்கக் கொடுப்பதற்கு முன் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.